லயத்தில் என்ன ரகசியம் என்று கேட்பவர்களுக்கு

தோட்ட ஆஸ்பத்திரிக்கு வருகிறவரிடம், "உங்களைப் பற்றி இங்கே எழுதுவது யார் யாரிடம் போகும்" என்று விளக்கிக்கொண்டிருப்பது வேண்டாத வேலை என்ற எண்ணம் இலங்கை மலையகத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. தோட்டக் கம்பனி நிர்வாகத்தோடு அது நின்றுவிடவில்லை. வைத்தியர்கள், அரச உத்தியோகத்தர்கள், தொழிற்சங்கக்காரர்கள், படித்து வெளியேறிய தோட்டத்துப் பிள்ளைகள் என்று பலரும் அதையே சொல்கிறார்கள்.

அவர்கள் தரப்பு வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துவைப்பதுதான் நியாயம். தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே மறைக்க என்ன இருக்கிறது? விவரம் கைமாறுவதால்தான் கர்ப்பிணியைத் தேடி மிட்வைஃப் வருகிறார், காசநோயாளியின் பிள்ளைகளுக்குப் பரிசோதனை நடக்கிறது, மகப்பேற்றுக் கொடுப்பனவு கிடைக்கிறது. ஆளில்லாத ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் விளக்க நேரம் ஏது? விளக்கினாலும் புரியாது. புரிந்தால் பயம் வரும்; பயந்தவர்கள் மருந்துக்கே வரமாட்டார்கள். சட்டம் கட்டாயப்படுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் எதுவும் கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை. சிலவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த உண்மைகளிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. அந்தத் தவறுக்குரிய விலையை நோயாளி மட்டுமே கொடுக்கிறார்.

அந்த ஆஸ்பத்திரி யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்குத் தோட்டமே பொறுப்பு என்பதைப் பிரித்தானியர் காலத்துச் சட்டங்கள், குறிப்பாக 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், நிலைநிறுத்தின. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் அந்த அமைப்பின் எலும்புக்கூடு மாறவில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கிப் பாதி வழியில் நிற்கிறது. ஆகவே இன்றும் எத்தனையோ தோட்டங்களில், எல்லோரும் டாக்டர் ஐயா என்று அழைக்கிற தோட்ட வைத்திய உதவியாளர் கம்பனியின் சம்பளத்தில் இருப்பவர். கொழுந்து பறிப்பவருக்குப் பேர் போடும், அதாவது அன்றைய வேலைநாளைக் கணக்கில் பதியும், அதே நிர்வாகம்தான் அவருக்கு மருந்து கொடுப்பவரையும் வேலைக்கு வைத்திருக்கிறது. கொழும்பில் ஒரு கடை ஊழியர் வைத்தியரைப் பார்க்கப் போனால் அந்த வைத்தியர் கடை முதலாளியின் ஆள் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசும் எந்த வாதமும் தோட்டத்துக்குப் பொருந்தாது.

ஒரு தோட்ட ஆஸ்பத்திரியின் காலைநேரம் எப்படியிருக்கும்? வராந்தாவில் ஒரு நீள வாங்கு. உள்ளே மேசை, மேசைமேல் கோடு போட்ட பெரிய பதிவுப் புத்தகம்: பெயர், வயது, டிவிஷன், என்ன வருத்தம், என்ன மருந்து. கதவு சாத்தப்படுவதில்லை. "எத்தனை நாளா தள்ளிப்போகுது?" என்று மேசையில் கேட்கப்படும் கேள்வி வாங்கில் இருக்கும் கடைசி ஆளுக்கும் கேட்கும். அந்த வரியை யார் வாசிப்பார்கள்? கர்ப்பம் என்றால் குடும்பநல உத்தியோகத்தரான மிட்வைஃபுக்கும் அவர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் போகும். பாரமில்லாத வேலை கொடுக்கவும் மகப்பேற்றுக் கணக்குப் பார்க்கவும் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைகள் காப்பகத்தை நடத்துபவருக்கும் தெரியவரும். அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் கணக்கில் ஓர் எண்ணாக ஏறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. வாங்கில் இருக்கும் பெண்ணிடம் இதில் ஒன்றையும் யாரும் சொல்வதில்லை என்பதற்குத்தான் காரணம் கிடையாது.

1. லயத்தில் ரகசியமே இல்லையா?

அடுத்த காம்பரா அறிவது வேறு, ஆபீஸ் அறிவது வேறு. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் கஞ்சி வரும், சில சமயம் வம்பும் வரும். ஆனால் அவளால் ஒருவருடைய பேரை அரைப் பேராக வெட்ட முடியாது, வேலை செய்யும் மலையை மாற்றிப் போட முடியாது, நிரந்தர வேலைக்குப் பெயர் பதியும் பட்டியலில் கை வைக்க முடியாது. தகவலின் ஆபத்து அதை எத்தனை பேர் அறிகிறார்கள் என்பதில் இல்லை. அறிந்தவரின் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. வலிப்பு வருகிறது என்பதோ, மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார் என்பதோ லயத்துக்குத் தெரிந்திருக்கலாம். அது எழுத்தில், வேலை கொடுப்பவரின் மேசைக்குப் போகும்போது அதன் எடை மாறிவிடுகிறது.

அதோடு, லயத்தில் உலவுவது பெரும்பாலும் ஊகம். பதிவேட்டில் இருப்பது உறுதி. ஊகமே என்ன செய்யும் என்பதற்கு 2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது சாட்சி: தகப்பன் எய்ட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்தன, சேர்த்த இடத்திலும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் அவனுக்கு இடம் கொடுத்தது. வதந்திக்கே இந்தப் பலம் என்றால், கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு தாளுக்கு எவ்வளவு இருக்கும்?

இலங்கைச் சட்டம் இதை அறியாததல்ல. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஒருவரின் மருத்துவப் பதிவை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கேட்பவருக்குக் கொடுக்க முடியாது என்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் விண்ணப்பம் போட்டுக் கேட்டால் கிடைக்காத விவரம், கேட்காமலே தோட்ட அலுவலகத்துக்குப் போக முடிகிறது.

2. எல்லாம் நல்லதுக்குத்தானே?

ஆம், பெரும்பாலும் நல்லதுக்குத்தான். இதை ஒப்புக்கொள்ளாமல் பேசுவது நேர்மையாகாது. தொற்றுநோய்களை அறிவிக்கும் கடமை 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடுப்புச் சட்டத்திலிருந்து வருகிறது. அது இல்லாவிட்டால் காசநோய் ஒரு லயத்தையே சுற்றிவிடும். தாய் மரணம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட்டு ஆராயப்படும் முறை இலங்கைக்குப் பெருமை தேடித் தந்த ஒன்று. எச்ஐவியும் சிபிலிசும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து, முடிவுகளைப் பகிர்ந்து, பின்தொடர்ந்ததால்தான் அது முடிந்தது.

ஆனால் இந்த வாதம் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்புகிறது. அனுமதி கேட்பது ஒன்று, அறிவிப்பது இன்னொன்று. காசநோயை அறிவிக்க நோயாளியின் அனுமதி தேவையில்லை. தேவையில்லாமல் இருப்பதே சரி. அதனால் அவரிடம் சொல்லவும் தேவையில்லை என்று எந்தத் தர்க்கம் சொல்கிறது? "இதைச் சட்டப்படி சுகாதாரப் பணிமனைக்கு அறிவிக்கிறோம், பிஎச்ஐ உங்கள் வீட்டுக்கு வருவார், எதற்கென்றால் பிள்ளைகளைப் பரிசோதிக்க" என்று முதல்நாளே சொல்லியிருந்தால், லயத்து வாசலில் பிஎச்ஐ எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போது அவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. யாரை எங்கே சந்திக்கலாம் என்று கேட்கவாவது அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். நோயை மறைக்க முடியாது என்பது உண்மை. நோயாளியிடமிருந்து அந்த ஏற்பாட்டை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

இந்த வேறுபாடு நூல்பிடித்துப் பார்க்கும் வழக்கறிஞர் வாதமல்ல. இந்தியாவில் அது ஒருவருடைய வாழ்க்கையின் விலையில் கற்றுக்கொள்ளப்பட்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் உறவினருக்காக இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. விவரம் வெளியே போய், 1995இல் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றுபோனது. மணப்பெண்ணின் உயிரைக் காக்கும் தேவை பெரிது என்று 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கம் நின்றது. அந்தத் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2017இல் இந்தியா கொண்டுவந்த எச்ஐவி தடுப்புச் சட்டம், துணைவருக்கு ஆபத்து இருக்கும்போது வைத்தியர் விவரத்தைச் சொல்லலாம் என்று அனுமதித்துவிட்டு, சொல்லப்போகிறேன் என்பதை முதலில் நோயாளிக்கே தெரிவிக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. ஓர் உயிரைக் காக்க நோயாளியின் விருப்பத்தை மீற வேண்டிய நிலையிலும், அவருக்குத் தெரியாமல் மீறக் கூடாது. "நல்லதுக்குத்தானே" என்று பேச்சை முடித்துவிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நல்லதுக்கு என்று சொல்லி நடந்தவை எல்லாமே நல்லதாக முடியவில்லை என்பதையும் மலையகம் மறக்கவில்லை. 1980களில் கருத்தடை அறுவைக்கு அரசு ரொக்கம் கொடுத்தது. எந்த லயத்தில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்ற விவரம் தோட்டத்தின் கையில் இருந்தது. முழு விளக்கம் இல்லாமல் அறுவை செய்துகொண்ட பெண்களைப் பற்றிய பேச்சு இன்றும் தோட்டங்களில் ஓயவில்லை. அதை அனுபவித்த தலைமுறையின் மகள்களும் பேத்திகளும்தான் இப்போது அந்த வாங்கில் காத்திருக்கிறார்கள்.

3. சொன்னால் பயந்து ஓடிவிடுவார்களா?

இப்போதே ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெளியில் தெரியக் கூடாத வருத்தம் என்றால் தோட்ட ஆஸ்பத்திரியைக் கடந்து பஸ் ஏறி ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ போய் தனியார் டாக்டரைக் காசு கொடுத்துப் பார்ப்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த காரியம். அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் காசும் டாக்டர் காசும் மருந்துக் காசும் கொடுத்துவிட்டு வருகிறவர், இலவசமாகக் கிடைக்கும் வைத்தியத்தை ஏன் விடுகிறார்? யாரும் எதையும் சொல்லாதபோது நோயாளி மோசமானதையே கற்பனை செய்துகொள்கிறார். எல்லாம் ஆபீசுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்.

மோசமான விளைவு கருச்சிதைவில்தான் தெரிகிறது. தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி இன்றும் குற்றம். எங்கோ ஒளித்துச் செய்துகொண்டு, இரத்தப்போக்கும் காய்ச்சலுமாக லயத்தில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் மனதில் ஒரு கேள்விதான் இருக்கும்: ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்களா? அந்தக் கேள்விக்கு எந்தச் சுவரிலும் எந்தக் கிளினிக் அட்டையிலும் அவளுக்குப் புரியும் பதில் இல்லை. அவள் காத்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்திலும் உடம்பில் நஞ்சு ஏறுகிறது. சொன்னால் வரமாட்டார்கள் என்பவர்கள் இந்தப் பெண்ணை எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லாததால்தான் அவள் வரவில்லை.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலையில் கொரோனா கண்டறியப்பட்டபோது, முதலில் அடையாளம் காணப்பட்ட பெண்ணின் தனிப்பட்ட வாழ்க்கை பற்றிய பொய்கள் சமூக ஊடகங்களில் ஓடின. அதைப் பார்த்த ஒவ்வொரு தொழிலாளியும் என்ன பாடம் படித்திருப்பார்? காய்ச்சல் வந்தால் வாய் திறக்கக் கூடாது என்பதைத்தான். பயத்தை உண்டாக்குவது விளக்கமல்ல. விவரம் கட்டுப்பாடில்லாமல் கசிவதுதான்.

4. சொன்னாலும் புரியாதா?

செக்ரோல் என்ற வேலைக் கணக்குப் பதிவேட்டில் ஒரு கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கிற பெண்களைப் பற்றி இப்படிச் சொல்வது அவமதிப்பு. கொழுந்துக்கு ஈரக் கழிவு எவ்வளவு, கோணிக் கழிவு எவ்வளவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு போகிறது, சங்கச் சந்தா எவ்வளவு என்று சம்பளத் துண்டை வைத்து வாதாடத் தெரிந்தவர்களுக்கு, "இந்தப் புத்தகத்தை யார் பார்ப்பார்கள்" என்பது புரியாத தத்துவமா?

புரியாமல் போவதற்கு உண்மையான காரணம் மொழி. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் சட்டப்படி இருமொழி நிர்வாகப் பிரிவுகள். ஆனாலும் அரச ஆஸ்பத்திரிகளில் வைத்தியர் சிங்களத்தில் கேட்பார், ஆங்கிலத்தில் எழுதுவார். இடையில் ஓர் அட்டெண்டனோ, கூட வந்த பள்ளிக்கூடப் பிள்ளையோ தமிழில் சொல்வார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த, 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா ஆஸ்பத்திரி போன்ற பெரிய கட்டடங்கள் வந்தன, நல்லது. கட்டடத்தோடு மொழி தானாக வந்துவிடுவதில்லை. தாயின் உடல்நிலையை மகன் மொழிபெயர்க்கும் இடத்தில், விவரம் முதலில் போய்ச் சேரும் அந்நியக் காது அந்தப் பிள்ளையுடையது. அதைக்கூட யாரும் ஒரு பகிர்வாகக் கணக்கில் எடுப்பதில்லை.

வெளிநாடுகளில் தோற்ற முறையைக் காட்டி இதை மறுப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2003 முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் தகவல் அறிவித்தல் தாள் கொடுக்கப்படுகிறது. பலர் வாசிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். இங்கிலாந்தில் 2014இல் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை ஒன்றுதிரட்டும் திட்டத்துக்கு வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். அது பலருக்குப் போய்ச் சேரவில்லை, சேர்ந்தவர்களுக்கும் தெளிவில்லை, எதிர்ப்பு கிளம்பி 2016இல் திட்டமே கைவிடப்பட்டது. இந்த உதாரணங்கள் அறிவிப்பதற்கு எதிரானவை அல்ல. சட்டத்தரணியின் மொழியில் அச்சடித்த தாளை நீட்டுவதை அறிவிப்பதாக எண்ணிய தவறுக்கு எதிரானவை. இங்கிலாந்தில் அத்தனை பெரிய திட்டம் சரிந்ததே மக்கள் தங்களிடம் சரியாகச் சொல்லப்படவில்லை என்று உணர்ந்ததால்தான்.

தோட்டத்துக்குத் தேவை வாய்மொழி. "தங்கச்சி, இத புத்தகத்துல எழுதிக்கிறேன். மிட்வைஃப் பார்ப்பாங்க, அவங்க வீட்டுக்கு வருவாங்க. ஆபீசுக்கு எத்தனை நாள் லீவுங்கிறது மட்டும் போகும், என்ன வருத்தம்னு போகாது. வேற யாருக்காவது சொல்ல வேண்டி வந்தா ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. இதில் புரியாத சொல் எதுவுமில்லை.

5. நேரம் எங்கே?

மேலே உள்ள நான்கு வாக்கியங்களே இதற்குப் பதில். ஆட்பற்றாக்குறை உண்மை. அதற்காக இரத்த அழுத்தம் பார்ப்பதை யாரும் விட்டுவிடச் சொல்வதில்லை.

6. சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

சட்டம் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு மார்ச் 19 அன்று சான்றுரைக்கப்பட்டது. உடல்நலம் பற்றிய தரவை அது விசேட வகையாக வைக்கிறது. தரவைச் சேகரிப்பவர் எதற்காகச் சேகரிக்கிறார், யாருக்குக் கொடுப்பார் என்பதை உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரச நிறுவனத்துக்கும் தனியார் கம்பனிக்கும் ஒரே கடமைதான். பணிப்புகளை மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம். அந்தக் கடமைகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவேண்டியிருந்து, தள்ளிவைக்கப்பட்டன. தள்ளிவைத்தது தயாராவதற்காக, தயாராகாமல் இருப்பதற்கான அனுமதிச்சீட்டு அல்ல அது. இதற்கிடையில் அரச ஆஸ்பத்திரிகள் கணினிக்கு மாறுகின்றன, நோயாளிக்குத் தனிப்பட்ட சுகாதார இலக்கம் கொடுக்கப்படுகிறது. மேசையில் இருக்கும் புத்தகத்தைப் பார்க்க அறைக்குள் வர வேண்டும். கணினியில் ஏறியதைப் பார்க்க அது தேவையில்லை.

சட்டம் தாமதித்த காலத்தில் காகிதம் என்ன செய்யும் என்பதை மலையகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. தொழிலாளரைத் திரட்டிவந்த கங்காணிகள் காலத்தில், இந்தத் தொழிலாளருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடத் தயார் என்று தோட்ட நிர்வாகியான துரை எழுதிக் கொடுக்கும் துண்டு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்ட அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தொழிலாளிக்குத் தெரியாது. அவருடைய அடுத்த வேலை, கூலி, குடும்பம் எங்கே வாழும் என்பதெல்லாம் அதில் தீர்மானமானது. 1921இல் அந்த முறை தடைசெய்யப்படும் வரை, அதுதான் நடைமுறை, அது இல்லாமல் தோட்டம் ஓடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தடைக்குப் பிறகும் தோட்டங்கள் ஓடின.

ஆகவே இப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று தரப்பினர். தோட்ட ஆஸ்பத்திரியின் பதிவேட்டுக்குச் சட்டப்படி பொறுப்பாளர் யார்: படிவத்தைக் கொடுக்கும் சுகாதார அமைச்சா, எழுதுபவருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பனியா, கணக்குத் திரட்டும் மனிதவள அபிவிருத்தி நிதியமா? அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் கொடுக்கப்படும் பதிவு அட்டைகளை அமைச்சு தமிழிலும் அச்சிடுகிறது. இந்த விவரம் யாரிடம் போகும் என்ற நான்கு வரி அதன் பின்னட்டையில் ஏறுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆபீசுக்குப் போகும் சீட்டில் நாள் எண்ணிக்கையும் பாரமான வேலை கூடாது என்ற குறிப்பும் போதும், நோயின் பெயர் வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை போட ஒரு பிற்பகல் போதும். கம்பனிகளோடு மேசையில் உட்காரும் தொழிற்சங்கங்கள், நிதியத்தின் நிர்வாகத்திலும் இடம் வைத்திருப்பவை. நாட்சம்பளத்துக்காகப் பேசும் அதே அமர்வில் இந்தச் சீட்டைப் பற்றியும் அவை கேட்கலாம்.